பாலத்துக்குப் பிறகு

‘தி வாக்கிங் டெட்’ தொடரை மீட்டுக் கொடுத்தது ஒரு கலப்பைதான் என்பது என் கட்சி.

ஒன்பதாவது சீசனின் முதல் எபிசோட் 2018 அக்டோபர் 7 அன்று ஒளிபரப்பானது. அதில் ரிக்கும் அவன் ஆட்களும் வாஷிங்டனில் பாழடைந்து கிடக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்குள் போகிறார்கள். துப்பாக்கி தேடிப் போகவில்லை. பழங்காலக் கலப்பை, கூண்டு வண்டி, துடுப்புப் படகு, விதைகள் இவற்றை எடுத்துவரப் போகிறார்கள். இருந்த பெட்ரோலெல்லாம் கெட்டுவிட்டது. மக்காச்சோளத்திலிருந்து எரிபொருள் காய்ச்சிப் பார்க்கிறார்கள், கட்டுப்படியாகவில்லை. இனி குதிரையும் ஏரும்தான் கதி. வண்டியை மாடியிலிருந்து கயிறு கட்டிப் படிக்கட்டு வழியாக இறக்குகிறார்கள். கீழே தரையின் ஒரு பகுதி கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு அடியில் நடைப்பிணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்கின்றன. வண்டியின் பாரம் கூடக்கூடக் கண்ணாடியில் விரிசல் ஓடுகிறது. பல வருடங்களாக இந்தத் தொடரில் எத்தனையோ குண்டுவெடிப்புகளைப் பார்த்துச் சலித்திருந்த எனக்கு, ஒரு வண்டி சேதமில்லாமல் தரையிறங்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ராபர்ட் கிர்க்மன் 2003இல் எழுதத் தொடங்கிய காமிக்ஸ்தான் மூலம். ‘தி ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்’ எடுத்த ஃபிராங்க் டாரபான்ட் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். 2010 அக்டோபர் 31 அன்று ஏஎம்சி சேனலில் முதல் எபிசோட் வந்தது. ரிக் கிரைம்ஸ் என்ற போலீஸ்காரன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் விழிக்கிறான். உலகம் முடிந்திருக்கிறது. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். மனைவியையும் மகனையும் தேடிப் புறப்படுகிறான். ஜார்ஜியா மாநிலத்தின் வெயிலும் காடும் பாழ்பட்ட நெடுஞ்சாலைகளும் அந்தக் கதைக்கு அப்படிப் பொருந்தின. கிரெக் நிக்கோட்டெரோவின் ஒப்பனைக் கலை அந்தப் பிணங்களை அருவருப்போடு பரிதாபத்துக்கும் உரியவையாக ஆக்கியது. ஐந்தாவது சீசன் தொடங்கிய இரவில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 73 லட்சம் பேர் பார்த்தார்கள். கேபிள் சேனலில் வரும் ஒரு நாடகத்துக்கு அது பிரமாண்டமான எண்ணிக்கை.

அங்கிருந்து அது எப்படிச் சரிந்தது? மிகக் கொடூரமாகிவிட்டது என்பார்கள் பலரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் எபிசோடிலேயே கொடூரம் இருந்தது. சரிவு வேறு இடத்தில் ஆரம்பித்தது. ஆறாவது சீசனில் கிளென் என்ற இளைஞன் ஒரு குப்பைத் தொட்டியின் மேலிருந்து பிணக்கூட்டத்துக்குள் விழுகிறான். குடல் கிழிபடுகிறது, அவன் அலறுகிறான், காட்சி முடிகிறது. அதற்கடுத்த வாரங்களில் நடிகர் ஸ்டீவன் யூனின் பெயரைக்கூடத் தலைப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பார்ப்பவர்கள் துக்கம் காத்தார்கள். சில வாரம் கழித்துத் தெரிகிறது: கிழிபட்டது அவன்மேல் கிடந்த இன்னொருவனின் உடல், கிளென் தொட்டிக்கு அடியில் தவழ்ந்து தப்பிவிட்டான். பிழைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அழுத அழுகைக்கு யார் பதில் சொல்வது?

அதே சீசனின் கடைசியில், 2016 ஏப்ரலில், நீகன் வருகிறான். முள்கம்பி சுற்றிய பேஸ்பால் மட்டை. மண்டியிட்டு வரிசையாக நம் ஆட்கள். யாரோ ஒருவர் தலையில் அடி விழுகிறது, அது யார் என்று காட்டாமல் சீசன் முடிகிறது. தெரிந்துகொள்ள அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு, ஆபத்தான இடத்தில் ‘தொடரும்’ போடுவது புதிதல்ல. அடுத்து என்ன நடக்கும் என்று ஏங்க வைப்பது எழுத்தாளனின் உரிமை. நடந்து முடிந்ததையே மறைத்து வைத்து, செத்தது யாராக இருக்கும் என்று ஆறு மாதம் ஊரைப் பந்தயம் கட்ட வைப்பது அப்படியல்ல. அது மரணத்தை விடுகதை ஆக்குவது.

அக்டோபரில் விடை வந்தது. முதலில் ஆபிரகாம், பிறகு கிளென். கர்ப்பிணி மனைவி மேகி பார்த்துக்கொண்டிருக்க, கிளெனின் மண்டை உடைந்து ஒரு கண் பிதுங்கும் வரை கேமரா விலகவே இல்லை. காமிக்ஸின் நூறாவது இதழிலும் கிளென் இப்படித்தான் சாகிறான், ஆகவே சம்பவத்தின்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆறு மாதம் மூடி வைத்துவிட்டு இவ்வளவு கிட்டத்தில் போய்க் காட்டியதுதான் பொறுக்கவில்லை. என்னோடு சேர்ந்து பார்த்துவந்த என் அக்கா மகன் பாதியில் எழுந்துகொண்டான். “போதும் மாமா. பயமா இருந்தா உட்கார்ந்திருப்பேன். இது பயம் இல்ல, இவங்க நம்மள அடிக்கிற மாதிரி இருக்கு” என்றான். சினிமா விமர்சனமெல்லாம் படிக்கிற பிள்ளை அல்ல அவன். ஆனால் இதைவிடச் சரியாகச் சொன்னவர்களை நான் படித்ததில்லை.

அதற்கடுத்த எட்டாவது சீசன் முழுக்கப் போர். யார் யாரைச் சுடுகிறார்கள் என்பதே புரியாமல் எபிசோட் எபிசோடாகத் துப்பாக்கிச் சத்தம். போதாக்குறைக்கு 2018 பிப்ரவரியில் ரிக்கின் மகன் கார்லைக் கொன்றார்கள். இந்த உலகத்திலேயே சிறுவனாக இருந்து ஆளானவன் அவன். காமிக்ஸ் கடைசியில் போய் முடிவதே வளர்ந்து நிற்கும் கார்லிடம்தான். அப்பன் பட்ட பாடெல்லாம் யாருக்காகவோ அவனையே எடுத்துவிட்டால் கதை எதை நோக்கிப் போகும்?

இந்த நிலையில்தான் தொடரின் பொறுப்பு ஏஞ்சலா காங் கைக்கு வந்தது. டாரபான்ட், கிளென் மஸாரா, ஸ்காட் கிம்பிள் என்று மூன்று ஆண்களுக்குப் பிறகு வந்த முதல் பெண். வெளியிலிருந்து அழைத்துவரப்பட்டவர் அல்ல. இரண்டாவது சீசனிலிருந்தே அந்த எழுத்தறையில் இருந்தவர். நான்காவது சீசனில் ரிக்கின் ஆட்களான டேரிலும் பெத்தும் ஒரு குடிசையில் கள்ளச்சாராயம் குடித்துவிட்டுப் பேசிச் சண்டையிட்டு, கடைசியில் அந்தக் குடிசையையே கொளுத்திவிட்டுப் போகும் ‘ஸ்டில்’ எபிசோடை எழுதியவர் அவர்தான். இரண்டே பேர், ஒரு ராத்திரி. கதை அதிகம் நகராது, மனிதர்கள் தெரிவார்கள். அந்தக் கை முழுத் தொடரையும் பிடித்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு அருங்காட்சியக எபிசோடின் பிற்பகுதியே சாட்சி.

திரும்பும் வழியில் வண்டி சேற்றில் புதைகிறது. பிணங்கள் நெருங்குகின்றன. விட்டுவிட்டு ஓடலாம் என்கிறார்கள். கென் என்ற பையன், கொல்லரின் மகன், பூட்டியிருக்கும் குதிரைகளை அவிழ்த்துவிடத் திரும்பி ஓடுகிறான். பிணம் கடிக்கிறது, மிரண்ட குதிரையும் உதைக்கிறது, செத்துப்போகிறான். முந்தைய சீசனில் பெயரில்லாமல் எத்தனையோ பேர் விழுந்தார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே ஒரு பையனின் சாவுக்கு ஊர் கூடி இழவு நடக்கிறது. அவன் அம்மா டாமி ரோஸ், தலைவியான மேகியைச் சவ அடக்கத்துக்கு வரவேண்டாம் என்கிறாள். பல காலம் குடியை விட்டிருந்த அப்பா ஏர்ல் மறுபடி குடிக்கிறார். கிரெகரி என்ற பழைய தலைவன் அவரைத் தூண்டிவிட, இருட்டில் மேகியைத் தாக்குகிறார். கடைசியில் மேகி கிரெகரியை ஊர் முன்னால் தூக்கில் போடுகிறாள். குழந்தைகள் எட்டிப் பார்த்துவிடுகிறார்கள். ஒரு கலப்பையை எடுக்கப் போனதிலிருந்து, சட்டம் எது, தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி வரை ஒரே எபிசோடில் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஆண்ட்ரூ லிங்கன் விலகும் சீசனும் இதுவே. நாயகன் போய்விட்டால் தொடர் படுத்துவிடும் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். ஊர்களை இணைக்க ரிக் ஒரு பாலம் கட்டுகிறான். பிணக்கூட்டம் அதன் வழியாகத் தன் மக்களை நோக்கிப் போவதைத் தடுக்க, தான் கட்டிய பாலத்தைத் தானே வெடிவைத்துத் தகர்க்கிறான். அந்த எபிசோடில் காயத்தோடு தடுமாறும் அவன் கண்ணுக்கு, செத்துப்போன பெரியவர் ஹெர்ஷல் தென்படுகிறார். அந்தக் காட்சியில் நடித்த ஸ்காட் வில்சன், சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள், அக்டோபர் 6 அன்று காலமானார். நவம்பரில் அதைப் பார்த்தபோது ரிக்கின் துக்கமும் நம்முடையதும் ஒன்றாகிவிட்டன. ரிக் சாகாமல் ஹெலிகாப்டரில் ஏற்றிப் போகப்படுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. திரைப்படங்களாக அவன் கதை தொடரும் என்று அன்றே அறிவித்தார்கள். 2024இல் அது தனித் தொடராகத்தான் வந்தது. பாலத்தோடு முடித்திருக்கலாம்.

அங்கிருந்து கதை ஆறு வருடம் தாண்டுகிறது. ஒரு சின்னப் பெண் காட்டில் நின்று பிணங்களைச் சுட்டு, ஆபத்திலிருந்த அந்நியர்களைக் காப்பாற்றுகிறாள். கார்லின் தொப்பி அவள் தலையில். பெயர் கேட்டால் ஜூடித் கிரைம்ஸ் என்கிறாள். இழந்த எதிர்காலத்தைக் கார்லின் தங்கை உருவில் திருப்பிக் கொண்டுவந்தது காங்கின் புத்திசாலித்தனம்.

பிறகு வருகிறது அந்தக் கல்லறை. இரவு, மூடுபனி, துருப்பிடித்த கம்பி வாசல். பிணங்களை வெட்டித் தள்ளிக்கொண்டே பின்வாங்குகிறான் நம் ஆட்களில் ஒருவனான ஜீசஸ். சண்டையில் அவனுக்கு நிகரில்லை. கடைசியாக ஒன்று மிச்சம். வாளை வீசுகிறான். அந்தப் பிணம் குனிந்து வாளுக்குத் தப்புகிறது! எட்டு சீசன்களாக நடைப்பிணங்கள் என்னவெல்லாம் செய்யும், என்ன செய்யாது என்று நம் உடம்பே கற்றுவைத்திருக்கிறது. குனிவது அதில் இல்லை. நாம் அதிர்வதற்குள் அது அவன் பின்னால் வந்து கத்தியைச் செருகி, காதில் கிசுகிசுக்கிறது. பின்னர் டேரில், விழுந்து கிடக்கும் பிணம் ஒன்றின் தலையைத் திருப்பிப் பார்க்கிறான். பிடரியில் தையல் ஓடுகிறது. கத்தியால் கிழித்துத் தோலை உரிக்கிறான். உள்ளே மனித முகம். செத்தவர்களின் தோலைப் போர்த்திக்கொண்டு பிணங்களோடு பிணமாகத் திரியும் விஸ்பரர் கூட்டத்தை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள். பழகிப்போன பயம் ஒரே அசைவில் மறுபடி புதிதாகிவிட்டது.

அந்தக் கூட்டத்தின் தலைவி ஆல்ஃபா, சமந்தா மார்ட்டன் நடித்தது. ஹில்டாப் ஊர் வாசலில் அவள் நிற்கும்போது, அவள் ஆட்களில் ஒருத்தியின் கைக்குழந்தை அழுகிறது. அழுகைக்குப் பிணங்கள் வருகின்றன. ஆல்ஃபா தோளை லேசாகக் குலுக்குகிறாள். அந்தத் தாய் குழந்தையைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். சோளக்கொல்லைக்குள் ஒளிந்திருக்கும் கானி என்ற பெண் ஓடி வந்து குழந்தையை அள்ளுகிறாள். கானிக்குக் காது கேட்காது. நடித்த லாரன் ரிட்லாஃபுக்கும் நிஜத்தில் அப்படியே. அவள் ஓடும்போது ஒலியை அறவே எடுத்துவிடுகிறார்கள். பயிருக்குள் எந்தப் பக்கமிருந்து பிணம் வரும் என்று அவளுக்குத் தெரியாததுபோலவே நமக்கும் தெரியாது.

அந்தக் குழந்தையை வளர்க்க எடுத்துக்கொள்வது யார் தெரியுமா? ஏர்லும் டாமி ரோஸும்தான். மகனைப் பறிகொடுத்த வீட்டுக்கு மறுபடி ஒரு பிள்ளை.

இனி, 2019 மார்ச் 24. ‘தி காம் பிஃபோர்’ எபிசோட். எல்லா ஊரும் சேர்ந்து சந்தைத் திருவிழா நடத்துகிறது. பொருள் மாற்றிக்கொள்கிறார்கள், சினிமா போடுகிறார்கள். ஆல்ஃபா பொய்முடி வைத்துக்கொண்டு கூட்டத்தில் ஒருத்தியாக உலவுகிறாள். மறுநாள் எல்லைக்கோடு போல நட்ட கழிகளில் பத்துத் தலைகள். ஒவ்வொன்றும் திருவிழாவில் சற்றுமுன் நாம் பார்த்த முகம். டாமி ரோஸின் முகமும் அதில் ஒன்று.

கொலையை மட்டும் காட்டவில்லை. உயிரோடு விடப்பட்ட மருத்துவன் சித்திக் ஊர் முன்னால் நின்று, அவர்கள் எப்படிப் போராடினார்கள், ஒருவருக்காக ஒருவர் எப்படி நின்றார்கள் என்று சொல்கிறான். நீகன் இரவில் செத்தது இருவர், இங்கே பத்துப் பேர். அங்கே கேமரா மட்டையைப் பார்த்தது. இங்கே செத்தவர்களை, அவர்கள் உயிரோடு இருந்த கடைசி மாலையில் பார்த்தது. அன்றிரவு எனக்கு ஆத்திரம் வரவில்லை, துக்கம்தான் வந்தது. அதற்காகத்தானே இந்தத் தொடரைப் பார்க்கத் தொடங்கினோம்!

கூட்டம் திரும்பி வரவில்லை என்பதுதான் கொடுமை. ஒன்பதாவது சீசன் தொடங்கிய இரவில் பார்த்தவர்கள் சுமார் 61 லட்சம் பேர். பிறகு அதுவும் குறைந்தது. தொடர் நல்ல காலத்துக்குத் திரும்பியபோது, பார்க்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் எழுந்து போயிருந்தார்கள். பத்தாவது சீசனும் தரம் குன்றாமல் போனது. பதினொன்றாவது கொஞ்சம் நீட்டி முழக்கியது. 2022 நவம்பரில் 177 எபிசோடுகளோடு முடிந்தது.

அக்கா மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எட்டாவது சீசன் முழுக்கப் பார்க்கணுமா மாமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கார்ல் சாகும் ‘ஹானர்’, போர் முடியும் ‘ராத்’, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு நேராக அருங்காட்சியகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் நீகன் இரவோடு நிறுத்தியவர் என்றால் உங்களுக்கும் அதுதான் வழி.