சொல்லும் மருந்தாகும்

நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் வகுத்துரைக்கிறார். இவற்றுள் நான்காமவரைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவருடைய பணியில் ஒரு பகுதி இன்று மருந்தாளுநரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மருத்துவமனைக்கு வந்த நோயாளி, வீடு திரும்புமுன் பெரும்பாலும் கடைசியாகப் பேசும் மனிதர் அவரே.

என் தாயாருக்காக மாதந்தோறும் எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மருந்து பெற்று வருகிறேன். வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் சன்னலருகே நிகழும் உரையாடல்கள் காதில் விழும். மொழி கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்தால் உயிருக்கே ஊறு நேரக்கூடிய இடம் அது என்பது மெல்ல மெல்லப் புரிந்தது.

ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற மூதாட்டிக்கு, மூட்டுவாதத்திற்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வழங்கப்பட்டது. அந்நோய்க்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து அது. நாள்தோறும் உட்கொண்டால் குருதி அணுக்கள் குறைந்து உயிருக்கு இடர் விளையும். மருந்தாளுநர் விளக்கினார், மூதாட்டி தலையசைத்தார். மருந்தாளுநர் அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை.

"பாட்டி, நான் சரியாச் சொன்னேனான்னு தெரியணும். வீட்டுக்குப் போய் மருமககிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?"

"காலையில எந்திரிச்சதும் ஒண்ணு போடணும் தாயி."

"எந்த நாள்ல?"

"தெனமுந்தான்."

மருந்தாளுநர் முகம் சுளிக்கவில்லை. "உங்க ஊர்ல சந்தை என்னைக்கு?" என்று கேட்டார். "செவ்வாக்கிழமை" என்றார் மூதாட்டி. "அப்ப சந்தை நாள்ல மட்டும் இதுல ஒண்ணு. மத்த நாள்ல இதைத் தொடவே கூடாது." மருமகள் படிப்பதற்காக உறையின்மேல் 'செவ்வாய் மட்டும்' என்று பெரிதாக எழுதினார். பிறகு மீண்டும் கேட்டார். இம்முறை விடை சரியாக வந்தது.

'புரிந்ததா?' என்று கேட்டால் பெரும்பாலும் 'புரிந்தது' என்ற விடையே கிடைக்கும். படித்தவர்முன் 'தெரியவில்லை' என்று சொல்ல நாணம். பின்னால் நிற்பவர்கள் சலித்துக்கொள்வார்களோ என்னும் தயக்கம். 'நான் சரியாகச் சொன்னேனா?' என்று கேட்கும்போது தேர்வு எழுதுபவர் நோயாளி அல்லர், சொன்னவரே. கேட்டவரைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்யும் இம்முறையை மருத்துவத் துறையினர் 'டீச் பேக்' என்பர்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டுமே இடர்ப்பாடு என்று கருதிவிடக் கூடாது. 'உணவுக்குப் பின் மூன்று வேளை' என்பது எளிய தொடர்தான். ஆனால், நாளுக்கு இருவேளை மட்டுமே உண்ணும் கூலித் தொழிலாளி மூன்றாவது மாத்திரையை என்ன செய்வார்? தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்ளச் சொன்னால், காப்பியை உணவாகக் கருதாதவர் அதைக் குடித்த கையோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். மருந்து உடலில் சேர்வதைக் காப்பி குறைத்துவிடும். நிறுவனம் மாறும்போது ஒரே மருந்தின் நிறமும் வடிவமும் மாறக்கூடும். நிறத்தால் மாத்திரையை அடையாளம் காண்பவர் இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்றெண்ணி இரண்டையும் விழுங்கக்கூடும். குழந்தைக்கு 'ஒரு கரண்டி' மருந்து என்றால், எந்தக் கரண்டி? வீட்டுக்கு வீடு அதன் அளவு வேறு. மருந்துப் புட்டியுடன் வரும் அளவுமூடியில் 5 மில்லிலிட்டர் கோட்டைத் தொட்டுக் காட்டினால் ஐயம் அகலும்.

நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துரைப்பதும் மருந்தாளுநரின் கடமையென 2015ஆம் ஆண்டின் மருந்தியல் பணி ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. எனினும், நீண்ட வரிசை காத்திருக்க, ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில மணித்துளிகளே. அதற்குள் எல்லாவற்றையும் சொல்ல இயலாது. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது, எதுவரை என்னும் நான்கையாவது நோயாளி அறிந்த சொற்களில் சொல்லலாம். காலைக்குக் கதிரவனையும் இரவுக்கு நிலவையும் உறையில் வரைந்து தரலாம். சொற்களைக் குறைப்பது நோயாளியின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவது ஆகாது. அவர் வாழ்வை அறிந்து பேசுவதே ஆகும்.

மாணவர்களே, உங்களுள் பலர் வீட்டில் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்பவர்களாக இருப்பீர்கள். அந்நேரத்தில் நீங்களும் அருகிருந்து மருந்து கொடுப்பவரே. ஐயம் எழுந்தால் ஊகித்துச் சொல்லாதீர்கள். மருந்தாளுநரிடம் தயங்காமல் கேளுங்கள். விளக்கிச் சொன்னபின், தலையசைப்பை மட்டும் நம்பி எழுந்துவிடாதீர்கள், "நான் சொன்னது சரியா இருந்துச்சா? எப்படிப் போட்டுக்குவீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். வரும் விடையைப் பொறுமையோடு கேளுங்கள்.