வாட்டம்

கொத்தனார்களின் பேச்சில் ‘வாட்டம்’ என்றால் துயரமில்லை. தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்தில் வைக்கும் சரிவு. பால்கனித் தளம் போட நினைப்பவர் ஒரே ஒரு சொல்லைக் கற்கலாமென்றால் அது இதுதான். நான்கடி அகலத்துக்கு அரை அங்குலம் போதும். அது இல்லாவிட்டால் ஐப்பசி மழைநீர் மூலையில் தேங்கிப் பாசியாகி, இடுக்குகள் வழியே கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருக்கும். கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் பூச்சு பெயரும்.

எங்கள் குடியிருப்பைக் கட்டியவர்கள் பால்கனியிலும் கூடத்தின் பளபளக்கும் விட்ரிஃபைடு ஓட்டையே பதித்திருந்தார்கள். அது உறிஞ்சும் நீர் அரை சதவீதத்துக்கும் குறைவு, எளிதில் தேயாது. ஆனால் நனைந்தால் கண்ணாடி. 74 வயது அம்மா ஒரு கார்த்திகைக் காலையில் அதில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. பால்கனிக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். துளசித் தொட்டிக்கு நான் நீரூற்ற, நிலைப்படிக்கு உள்ளே நின்றபடி போதும், போதும் என்பார்.

மாற்றுவதென்று முடிவானதும் மனம் ஆத்தங்குடிக் கல்லுக்குப் போயிற்று (தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சபலம் உண்டு). கண்ணாடிப் பலகையில் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே இறுக்குகிறார்கள். மனிதர் நடக்க நடக்க மெருகேறும். ஆனால் அது கூரைக்குக் கீழ் வாழும் கல். வெயிலும் மழையும் அதன் நிறத்தைத் தின்றுவிடும். கடப்பைக் கல் சித்திரையில் கால் வைக்க விடாது. சுட்டமண் ஓடு அழகு, ஆனால் நீர் குடித்துப் பாசி பிடிக்கும். கடைசியில், வெளிப்புறத்துக்கென்றே செய்யப்படும் சொரசொரப்பான, வெளிர்சாம்பல் நிற ஓடு, ஓரடிச் சதுரம். சிறிய ஓடுதான் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும். இடுக்குகள் கூடுவதால் காலுக்குப் பிடிப்பும் கூடும்.

பழைய தளத்தை உடைத்து, வாட்டம் திருத்தி, நீர்க்காப்புப் பூச்சைச் சுவரிலும் ஓரடி ஏற்றினோம். இரண்டு நாள் நீர் தேக்கி, கீழ்வீட்டு விதானத்தில் ஈரம் படரவில்லை என்று பார்த்த பிறகே ஓடு. கொத்தனார் ஒவ்வொன்றையும் கரண்டிப் பிடியால் தட்டிக் கேட்டார். பொள்ளலாக ஒலித்த மூன்றைப் பெயர்த்து மறுபடி பதித்தார். அப்போது அவர் முகத்தில் இருந்த கவனத்தை எந்த வகுப்பிலும் நான் கண்டதில்லை.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலால் தளத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

“வழுக்காது. ஆனா அழுக்கு நல்லாப் பிடிக்கும். வாரா வாரம் நீதான் தேய்ச்சுக் கழுவணும்” என்றார்.