இமைக் கட்டி: கத்தியா, ஒளியா?

கோச்சடைப் பக்கம் கண்ணிமையில் கட்டி வந்தால் முதல் வைத்தியம் நாமக்கட்டிதான். உரசிப் போடுவார்கள், துணியைச் சுருட்டி வாயால் ஊதி ஒத்தடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் பத்து நாளில் அமுங்கிவிடும். அதனால் யாரும் பயப்படுவதில்லை. ஆனால் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவருக்கு அதே இடத்தில் மறுபடி மறுபடி கட்டி வந்தால் சங்கதி வேறு.

இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பிகள் உண்டு. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காப்பது அந்த எண்ணெய்தான். அந்தச் சுரப்பியில் வரும் புற்றுநோய் பார்வைக்குச் சாதாரணக் கட்டி மாதிரியே இருக்கும். பெரிதாக வலிக்காது. அந்த இடத்து இமைமுடி உதிரலாம். மேலைநாடுகளில் இது அபூர்வம். அங்கே இமையில் அதிகம் வருவது வெயிலால் வரும், மெதுவாக அரிக்கும் வகை. நம் நாட்டில் எண்ணெய்ச் சுரப்பி வகையும் கணிசமாக வருகிறது. இது காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே நெறி கட்டிப் பரவக்கூடியது. 'அறுப்பு முடியட்டும், தை பிறக்கட்டும்' என்று தள்ளிப்போட ஏற்ற நோய் அல்ல.

துளி சதை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். புற்று என்றால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமில்லை என்று நுண்ணோக்கியில் பார்த்தபிறகு, மற்ற இமையிலிருந்தோ காதுக்குப் பின்னாலிருந்தோ தோலெடுத்து இமையைச் சீராக்குவார்கள். கண்குழிவரை பரவவிட்டால் கண்ணையே எடுக்க நேரிடும்.

'ஒளியிலேயே குணமாக்குகிறார்களாமே?' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். உண்ணிச்செடி தின்ற மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரல் கெட்டு, பச்சையத்தின் கழிவு ரத்தத்திலேயே தங்கும். வெயில் பட்டதும் வெள்ளைத்தோல் வெந்து புண்ணாகும். நிழலில் கட்டினால் தணியும். அதே கணக்குதான் இங்கேயும். நோயுள்ள தோலில் களிம்பு தடவி, சில மணி நேரம் கழித்துச் சிவப்பு ஒளி காட்டுவார்கள். களிம்பை உறிஞ்சிய செல்கள் சாகும். எரிச்சல் இருக்கும். ஒளி வைத்தியம் புதிதல்ல. தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க் டாக்டர் நீல்ஸ் ஃபின்சன் 1903-லேயே நோபல் பரிசு வாங்கினார். ஆனால் களிம்பும் ஒளியும் சில மில்லிமீட்டர் ஆழம்தான் எட்டும். மேல்தோலோடு நிற்கும் சில வகைக்குச் சரி. எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுக்குக் கத்திதான்.

இதற்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. கோச்சடையிலிருந்து ஆற்றைத் தாண்டினால் அரசு ராஜாஜி மருத்துவமனை. அண்ணாநகரில் அரவிந்த் கண் மருத்துவமனை. எட்டயபுரம் பக்கத்து விவசாயி மகன் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. இமை அறுவைக்கு அங்கே தனிப்பிரிவு உண்டு. போகும்போது காப்பீட்டு அட்டையை எடுத்துப் போங்கள். முன்பு எங்காவது கட்டியைக் கீறியிருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும். கீறிய சதையைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்றும் கேட்டுக்கொண்டு போங்கள்.