நடுக்கடலில் படபடப்பு

கப்பலில் 100 பேராவது இருந்தால்தான் மருத்துவர் கட்டாயம் என்கிறது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. எங்கள் சரக்குக் கப்பலில் இருபது சொச்சம் பேர். மருந்து அலமாரிச் சாவி செகண்ட் ஆபீசரிடம்.

இந்தியப் பெருங்கடலில், நள்ளிரவு வாட்ச் பணியில் நெஞ்சு படபடத்தது. உடம்பைவிட வேலையை நினைத்துத்தான் முதலில் பயந்தேன். சொன்னால் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ? அடுத்த காண்டிராக்ட் கிடைக்குமா? கப்பல்காரர்கள் பலரும் வாயைத் திறக்காதது இதனால்தான்.

சொல்லிவிட்டேன். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், எத்தனை நிமிடம் நீடித்தது, எல்லாம் எழுதி ரோமிலுள்ள சிர்ம் மையத்துக்கு மெயில் போனது. எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக மருத்துவ ஆலோசனை தரும் இடம், 1935-இல் தொடங்கியது. முதல் தலைவர் யார் தெரியுமா? வானொலி மார்க்கோனியேதான்!

பதிலில் ஒரு கேள்வி: தினம் எத்தனை காபி? (எங்கள் பிரிட்ஜ் காபியை அவர்கள் குடித்ததில்லை, பாவம்.)

காபியைக் குறைத்தேன். படபடப்பு வந்த நேரங்களை நோட்டில் குறித்தேன். டர்பன் துறைமுகத்தில் ஈசிஜி எடுத்தார்கள், கோளாறு தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் 24 மணி நேரம் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் சோதனை இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் பார்க்கும் சித்தப்பாக்கள் கொஞ்சம் பொறுங்கள், நானே சொல்கிறேன்.