அத்தை பார்த்த படம்

சில படங்களைக் கூடத்தில் மாட்ட மனம் வராது. ஜெர்மானிய ஓவியர் மத்தியாஸ் குரூனவால்டு 1512-க்கும் 1516-க்கும் இடையில் தீட்டிய சிலுவைப் படம் அந்த ரகம். கல்லூரி நாளில் நூலகப் புத்தகம் ஒன்றில் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றா சொன்னேன்? சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன் என்பதே நிஜம்.

அந்தக் காலத்து இத்தாலியப் படங்கள் பலவற்றில் ஏசுநாதர் சிலுவையிலும் அழகாகவே இருப்பார். இங்கே பச்சை பாய்ந்த உடம்பு, மேலெல்லாம் புண், அதில் முறிந்து நிற்கும் முட்கள். ஆணி அறைந்த கைகளின் விரல்கள் வலியில் விறைத்து விரிந்திருக்கின்றன.

இவ்வளவு கோரம் எதற்கு? பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அல்ஸாஸ் பிரதேசத்து ஈஸன்ஹைம் என்ற ஊரில், நோயாளிகளைப் பராமரித்த அந்தோணியார் மடத்துக்காக வரைந்த படமாம் அது. 'அந்தோணியார் நெருப்பு' என்று ஒரு வியாதி. ரை என்ற தானியத்தில் படரும் பூஞ்சணம் ரொட்டி வழியாக உடம்புக்குள் போகும். கை கால் தீயாய் எரியும். பிறகு கறுத்து அழுகும். (அதே பூஞ்சணத்திலிருந்து 1935-இல் பிரித்தெடுத்த எர்கோமெட்ரின்தான், பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தாயிற்று!) அழுகிய காலோடு வந்தவர்களை இந்தப் படத்தின் முன்னால் கொண்டுவந்து விடுவார்களாம்.

சென்ற வருஷம் என் அத்தைக்குச் சர்க்கரை வியாதியில் கால் கறுத்து, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, மின்விசிறியையே பார்த்தபடி பேசினார்கள். நானும் அப்படித்தான்.

"ஏண்டா, ஒருத்தரும் என் காலைப் பார்க்க மாட்டேங்கிறீங்களே!" என்றாள் அத்தை ஒரு நாள்.

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் அந்தப் படமுள்ள புத்தகத்தை எடுத்துப் போனேன். (அசல் படம் பிரான்ஸில், கோல்மார் நகரின் உந்தர்லிந்தன் மியூசியத்தில் இருக்கிறது.) கொடுக்கலாமா, கூடாதா என்று வாசலிலேயே பத்து நிமிஷம் நின்றேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"போட்டவன் கிட்டே உட்கார்ந்து பார்த்திருக்கான்டா" என்றாள். பிறகு, வெள்ளை உடையில் மயங்கிச் சாயும் மரியம்மையின் மேல் விரலை வைத்தாள்.

"அம்மாவா?"

"ஆமாம், அத்தை."

"விழுந்துடப் போறாளே! பிடிச்சுக்கிட்டிருக்கிறது யாரு?"

"யோவான். ஏசுவின் சீடர்."

"சரி, சரி" என்று சொல்லிவிட்டு, காலை மூடியிருந்த போர்வையைத் தானே விலக்கினாள்.