எங்கே நின்றது என்று கேளுங்கள்

“அண்ணே, ஆபீஸ் சிஸ்டத்துக்குள்ள போக முடியல.”

“எர்ரர் உடனே வருதா, லேட்டா வருதா?”

என் வேலைநாள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. சென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தை நம்பி நடக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள், டிரான்ஸ்போர்ட் கம்பெனிகள், கன்டெய்னர் யார்டுகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பாஸ்வேர்டைக் கேட்பேன் என்று எதிர்பார்ப்பவர்கள், நேரத்தைக் கேட்டதும் கொஞ்சம் விழிப்பார்கள். ஆனால் பாதி விடை அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

வீட்டிலிருந்து ஆபீஸ் மெஷினுக்குள் நுழைய உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக 3389 என்ற போர்ட்டில் காத்திருக்கும். கனெக்ட் அழுத்திய மறுகணமே ‘முடியாது’ என்று வந்தால், அந்த முகவரியில் யாரோ பதில் சொல்கிறார்கள் என்று அர்த்தம். ஆபீஸ் மெஷினோ, நடுவில் இருக்கும் ரவுட்டரோ உயிரோடு இருக்கிறது. ரிமோட் சேவைதான் கிடைக்கவில்லை. அரை நிமிடம்போலச் சுழன்றுவிட்டு வந்தால் பதிலே வரவில்லை என்று பொருள். மெஷின் அணைந்திருக்கலாம், ஐபி மாறியிருக்கலாம், ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுத்திருக்கலாம். பாஸ்வேர்ட் தவறு என்று சொல்கிறதா? அப்படியானால் சந்தோஷப்படுங்கள். நெட்வொர்க், ரவுட்டர், ஃபயர்வால் எல்லாம் தாண்டி அந்த மெஷின் வரைக்கும் போய்விட்டீர்கள். சரக்கு வரவில்லை என்றால் லாரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை வரிசையில் நிற்கிறதா, கேட்டில் பாஸ் இல்லாமல் திருப்பிவிட்டார்களா என்றுதானே முதலில் விசாரிப்போம்? இங்கும் அதே விசாரணைதான். எங்கே நின்றது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. ரவுட்டரை ரீசெட் செய்துவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, கடைசியாகக் கூப்பிடுபவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் ஒரு கோளாறு அதற்குள் மூன்றாகியிருக்கும்.

பாஸ்வேர்ட் பக்கம் வந்தால் அடிக்கடி பார்ப்பது பின் நம்பர் குழப்பம். தினமும் ஆபீஸில் நாலு இலக்கப் பின் போட்டு உள்ளே போய்ப் பழகியவர், வீட்டிலிருந்தும் அதையே போடுவார். பின் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் சொந்தமானது, ரிமோட்டில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழு பாஸ்வேர்ட் வேண்டும். அந்த மெஷினில் ஒருமுறைகூட அந்த பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்ததே இல்லை என்றால், சரியான பாஸ்வேர்டையும் அது மறுக்கக்கூடும். யாரையாவது ஆபீஸுக்குப் போய் பின்னுக்குப் பதிலாக பாஸ்வேர்ட் போட்டு ஒருமுறை உள்ளே போகச் சொன்னால் சரியாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவைத் திறந்து 4625 என்ற எண்ணைத் தேடுவேன். தோற்ற ஒவ்வொரு முயற்சியும் அங்கே காரணத்தோடு எழுதப்பட்டிருக்கும். 0xC000006A என்றால் பாஸ்வேர்ட் தப்பு, 0xC0000064 என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை, 0xC0000234 என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. பயனருக்குக் காட்டும் செய்தியைவிட இந்தப் பதிவு நேர்மையானது.

எங்கள் பகுதிக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. சுங்கத் துறையின் ஐஸ்கேட்டில் பில் ஆஃப் என்ட்ரியோ ஷிப்பிங் பில்லோ ஏற்ற டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அது பென் டிரைவ் மாதிரி ஒரு யுஎஸ்பி டோக்கனில் இருக்கும். ஆபீஸ் மெஷினில் டோக்கனைச் செருகிவைத்துவிட்டு வீட்டிலிருந்து ரிமோட்டில் போனால் எல்லாம் தெரியும், டோக்கன் மட்டும் தெரியாது. டோக்கன் செத்துவிட்டது என்று நினைத்து டிரைவரை அழித்து மறுபடி போடுவார்கள். புது டோக்கனே வாங்கியவர்களும் உண்டு. டோக்கனில் ஒரு குறையும் இல்லை. அதை விண்டோஸ் ஸ்மார்ட் கார்டாகத்தான் நடத்துகிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தவருக்கு, அவர் உட்கார்ந்திருக்கும் மெஷினில் இருக்கும் ஸ்மார்ட் கார்டைத்தான் அது காட்டும். எட்டத்தில் இருக்கும் மெஷினில் செருகியதைக் காட்டாது.

ஆகவே டோக்கனை வீட்டுக்கு எடுத்துப்போய் லேப்டாப்பில் செருகுங்கள். இரண்டு மெஷினிலும் டோக்கனின் மென்பொருள் இருக்கட்டும். கனெக்ட் செய்யும் முன் லோக்கல் ரிசோர்சஸ் பக்கத்தில் ஸ்மார்ட் கார்டுக்கு டிக் போடுங்கள். எனிடெஸ்க் மாதிரி ஆபீஸ் திரையையே பகிர்கிற மென்பொருள் என்றால் அங்கே செருகிய டோக்கனும் வேலை செய்யும். பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். நான் விரும்புவதில்லை. ஒருவருடைய கையெழுத்தை ஆளில்லாத அறையில் இரவெல்லாம் செருகிவைத்திருப்பது சரியல்ல. உங்கள் பெயரில் யார் வேண்டுமானாலும் தாக்கல் செய்யலாம் என்று விட்டுவைத்த மாதிரிதான்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது இந்த வேலையின் கனம் முழுதாகப் புரிந்தது. துறைமுகம் அத்தியாவசிய சேவை, கப்பல் நிற்கவில்லை. ராயபுரம் மண்டலமோ சென்னையிலேயே தொற்று மிக அதிகமான இடமாக இருந்தது. தெருக்களில் தகரம் அடித்திருந்தார்கள். சரக்கு இறங்கிவிட்டது, பேப்பர் போட ஆள் வர முடியாது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறுகிறது. அந்த அவசரத்தில் பல இடங்களில் 3389-ஐ ரவுட்டரில் அப்படியே வெளி உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். சில இடங்களில் திறந்தும் உள்ளே வர முடியவில்லை. ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அது உங்களுக்கு மட்டும் சொந்தமான முகவரி அல்ல. இன்டர்நெட் நிறுவனம் பலருக்கும் பொதுவாக வைத்திருக்கும் முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். எத்தனை முறை போர்ட் ஃபார்வர்ட் செய்தாலும் பலன் இல்லை. ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும், அல்லது விபிஎன் போட வேண்டும்.

விபிஎன்தான் என் தீர்ப்பு. 2019 மே மாதம் ‘புளூகீப்’ என்ற ஓட்டை வெளிவந்தபோது, பாஸ்வேர்ட் தெரியாமலேயே ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பழைய விண்டோஸ் மெஷின்களுக்குள் புகுந்துவிட முடியும் என்றானது. ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது. எக்ஸ்பி ஓடும் எடைமேடை அறைகளை நான் பார்த்திருக்கிறேன். திறந்த 3389-ஐ உலகம் முழுக்க யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தட்டித் தட்டிக் கணக்கு பூட்டிக்கொள்ள, உரிமையாளரே வெளியில் நிற்பார்.

கடலோரத்துக்கு வேறு தொல்லைகளும் உண்டு. உப்புக் காற்றில் மலிவான நெட்வொர்க் பிளக்கின் பற்கள் களிம்பு பிடித்துப்போகும். கனெக்‌ஷன் முழுதாக அறுந்தால் கண்டுபிடித்துவிடலாம். களிம்பு பிடித்த பிளக்கோ உள்ளே விட்டு, பாதியில் துப்பும். நெட்வொர்க் கார்டின் வேகத்தைப் பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் காட்ட வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் என்று இருந்தால், எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று தொடர்பு விட்டிருக்க வாய்ப்பு அதிகம். புது பிளக் அடித்தால் போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு கரன்ட் திரும்பியும் பல மெஷின்கள் திரும்பவில்லை. கரன்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் அமைத்திருக்கவில்லை. அமைத்திருந்த சிலவற்றிலும் மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோய், தேதி பல வருடம் பின்னால் போய், ‘எஃப் 1 அழுத்தவும்’ என்று கறுப்புத் திரையில் நின்றன. அழுத்த ஆபீஸில் ஆளில்லை. அழுத்தி உள்ளே விட்டாலும், இரண்டு மெஷின்களின் கடிகாரங்கள் வெகுவாக மாறுபட்டால் லாகின் மறுக்கப்படலாம்; டொமைனில் இருக்கும் மெஷின் என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசமே ஆகாது. ஒரு ஷிப்மென்டின் டெமரேஜுக்கு முன்னால் அந்தப் பேட்டரியின் விலை ஒன்றுமே இல்லை. மழைக்காலம் தொடங்குமுன் மாற்றிவிடுங்கள்.

எர்ரர் வந்தால் ஓகே அழுத்தி மூடிவிடாதீர்கள். திரையை அப்படியே போட்டோ எடுத்து, வர எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதி, உங்கள் சிஸ்டம் பார்ப்பவருக்கு அனுப்புங்கள்.