பக்கத்து வட்டத்தையும் பார்

சிபிலிஸ் சோதனைக்கு ரத்தம் கொடுப்பவர்கள், லேபில் இருக்கும் நாங்கள் கிருமியைத் தேடுவதாகவே நினைக்கிறார்கள். அந்தக் கிருமியான டிரெபோனிமா பாலிடம் சாதாரண நுண்ணோக்கியில் அகப்படாத அளவுக்கு மெலிந்தது. ஆஸ்பத்திரி லேபில் வளர்த்துப் பார்க்கவும் வழியில்லை. நாங்கள் போடும் ஆர்.பி.ஆர். என்ற சோதனையின் அட்டை காட்டுவது கார்டியோலிப்பின் என்ற கொழுப்புக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. 1906-இல் வாசர்மன் குழுவினர் இதே சோதனையின் மூதாதைக்கு, சிபிலிஸ் தொற்றிய சிசுவின் ஈரல் சாற்றைப் பயன்படுத்தினார்கள். 1941-இல் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து கார்டியோலிப்பினைப் பிரித்தெடுத்த பிறகுதான் ஆன்டிஜன் ஒரு சீருக்கு வந்தது.

செய்முறை எளிது. அட்டையின் 18 மி.மீ. வட்டத்தில் சீரத்தைப் பரப்பி, கரித்துகள் கலந்த ஆன்டிஜனை ஒரு சொட்டு விட்டு, ரொட்டேட்டரில் நிமிடத்துக்கு 100 சுற்றாக 8 நிமிடம் சுழற்ற வேண்டும். ஊசியைச் செங்குத்தாகப் பிடிக்காவிட்டால் சொட்டின் அளவு மாறும். அரை மில்லியில் 30 சொட்டு விழுகிறதா என்று எண்ணிப் பார்ப்பதைச் சிலர் வீண்வேலை என்பார்கள். நான் எண்ணுவேன். அறை 23 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாத மத்தியானத்தில் ஏ.சி. இல்லாத அறையில் இந்தச் சோதனையைத் தொடவே கூடாது.

பிறகு அட்டையை வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்ப்பது. கரி நன்றாகத் திரண்டதும் (ரியாக்டிவ்) தெரியும், ஒரே சாம்பலாகப் படிந்ததும் (நான்-ரியாக்டிவ்) தெரியும். என்னை நிறுத்துவது மூன்றாவது வகை: திரளவும் இல்லை, வழவழப்பாகவும் இல்லை, கொஞ்சம் சொரசொரப்பு. அவசரக்காரர் ‘நான்-ரியாக்டிவ்’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார். ஆனால் இரண்டாம் கட்ட நோயில், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வந்திருக்கும் சமயத்தில், எதிர்ப்பொருள் அளவுமீறி இருப்பதாலேயே கரி திரளாமல் போவதுண்டு. புரோசோன் என்பார்கள். அந்தச் சீரத்தை உப்புநீரில் இரண்டிரண்டு மடங்காகக் கரைத்துப் போட்டால், முதல் வட்டம் மழுப்பினாலும் 1:16-இல், 1:32-இல் கரி பளிச்சென்று திரண்டு நிற்கும். யாரும் கேட்காமலே நான் கரைத்துப் பார்த்துவிடுவேன், கர்ப்பிணிகளின் சீரம் என்றால் கட்டாயம்.

எந்தக் கரைசல் வரை கரி திரள்கிறது என்று காட்டும் எண்ணான டைட்டரைப் பற்றி நோயாளிகள் படும் கலக்கம் பெரிது. 1:8 இருந்தது 1:16 ஆனால் நோய் ஏறிவிட்டதாக அர்த்தமில்லை. ஒரு படி வித்தியாசம் சோதனையிலேயே வரும். நான்கு மடங்கு, அதாவது இரண்டு படி மாறினால்தான் கணக்கு. அதுவும் ஒரே லேபில், ஒரே முறையில் பார்த்திருக்க வேண்டும். இதே வகையைச் சேர்ந்த வி.டி.ஆர்.எல். சோதனையின் எண்ணையும் ஆர்.பி.ஆர். எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பயனற்ற வேலை. முடிந்தால் பழைய சீரத்தை உறையவைத்து, புதியதோடு சேர்த்தே ஓட்டுவேன்.

சிபிலிஸ் இல்லாவிட்டாலும் லூபஸ், தொழுநோய், சில சமயம் வெறும் கர்ப்பம்கூட ஆர்.பி.ஆரை ரியாக்டிவ் ஆக்கும். உறுதிசெய்ய, கிருமிக்கே எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் டி.பி.எச்.ஏ. சோதனை இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலோருக்கு, பென்சிலின் போட்டுக் குணமான பிறகும், ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே வரும். அந்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு கல்யாணத்தை நிறுத்துகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

பச்சிளங்குழந்தையின் சீரத்தில் சிக்கல் இன்னும் அதிகம். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே வந்திருக்கும். அதனால் குழந்தை ரியாக்டிவ் என்பது மட்டும் எதையும் முடிவாக்காது. தாயைவிட நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் தொற்று என்றே எடுத்துக்கொள்ளலாம், உயராவிட்டால் தொற்றே இல்லை என்று சொல்லவும் முடியாது. பிரசவ வார்டிலிருந்து தொப்புள்கொடி ரத்தம் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அதில் தாயின் ரத்தம் கலந்திருக்கலாம். குழந்தையிடமிருந்தே எடுத்த ரத்தமும், அன்றைக்கே எடுத்த தாயின் ரத்தமும் சேர்ந்து வர வேண்டும். இரண்டையும் ஒரே அட்டையில் போடுவேன்.